கேட் (CAT, ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுதும் நுழைவுத் தேர்வு) மாக்கில், அதாவது மாதிரித் தேர்வில், ஒரே செட்டுக்கு 20 நிமிடம் போகிறது என்றால்

முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாதீர்கள். எல்லா செட்டையும் (ஒரே தகவலை வைத்து வரும் கேள்வித் தொகுப்பு) படித்து, எது முடியும், எது முடியாது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த செட்டுகள் வரும் டிஐஎல்ஆர் (தரவு அலசலும் தர்க்கமும்) பகுதிக்கு இருப்பதே 40 நிமிடம். முதலில் வந்த செட் என்பதற்காக அதிலேயே பாதி நேரம் உட்கார்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

கணக்கு தெரியாதது காரணமாகத் தெரியவில்லை. "இவ்வளவு நேரம் போட்டாச்சு, விட மனசு வரல" என்பதுதான். எனக்கும் இதே வியாதி இருந்தது. எட்டு நிமிடத்தில் அந்த செட்டுக்கு நீங்கள் போடும் அட்டவணை பாதிகூட நிரம்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். கடைசி மாக்கில் தொடாமல் விட்ட செட்டுகளை இன்று நிதானமாகப் போடுங்கள். ஒன்றாவது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தால், செட்டைப் பொறுக்குவதில்தான் கோளாறு. எதுவுமே வரவில்லையா? மாக்கை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பழைய கேட் தாள்களைப் போடுங்கள்.

அப்புறம், விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது, தோன்றியதை அடித்துவிடலாம். நான்கு விடை தந்த கேள்வியில் அது வேண்டாம், தவறுக்கு 1 மார்க் போகும்.

ஆனால் "ரெண்டு செட் போதும்" என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். செட் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஐஐஎம்கள் பகுதிவாரி கட்ஆஃபும் பார்க்கின்றன.