பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: குமரிக் கடல் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருக்கிறதாம், புயலாக வாய்ப்பு குறைவு என்கிறார்கள். டிசம்பரே பாதி முடிந்துவிட்டது, இனிமேல் என்ன புயல்? 2020ல் புரெவி புயல் வருகிறது என்று வள்ளங்களை எல்லாம் கரையேற்ற வைத்தார்கள், ஒன்றும் வரவில்லை, பிழைப்பு போனதுதான் மிச்சம். இதாவது புயலாகுமா ஆகாதா, ஒரு வரியில் சொல்லுங்கள். (நீரோடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இன்றைக்கு அதை ஒரு வரியில் யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். வானிலைத் துறை அறிக்கையில் 'வாய்ப்பு குறைவு' என்று போட்டால் 1 முதல் 33 சதவீதம் வரை என்று அர்த்தம். மூன்றில் ஒரு பங்கு வரை ஆபத்து இருக்கலாம் என்றால் உங்கள் மகனைக் கடலுக்கு அனுப்புவீர்களா?

டிசம்பரில் என்ன புயல் என்கிறீர்களே, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 அன்று. புயல் உருவாகக் கடல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரி சூடு இருந்தால் போதும், குமரிக் கடல் டிசம்பரிலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. பெரும்பாலும் தடுப்பது மேலே அடிக்கிற காற்று. கீழே ஒரு திசை, உயரத்தில் வேறு திசை என்று வீசினால் மேகக் கூட்டம் எழும்பும்போதே சாய்ந்து கலைந்துவிடும். அந்தக் காற்று ஒரு நாள் தணிந்தாலும் நிலைமை மாறிவிடும்.

ஒக்கிப் புயலைப் பற்றி உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். 2017 நவம்பர் 29 காலையில் இலங்கையை ஒட்டி வெறும் தாழ்வு மண்டலம் (புயலுக்கு முந்தைய நிலை), 30 காலையில் குமரிக் கடலில் புயல். நடுவில் ஒரே நாள். மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிற விசைப்படகு 300 கிலோமீட்டர் தள்ளி நின்றால் கரைக்கு வர 20 மணி நேரம் ஆகும், அதுவும் அலை எதிர்க்காமல் இருந்தால், முதலில் சேதி போய்ச் சேர்ந்தால். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள், கரையிலிருந்து பேசுகிற வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. புயல் என்று பெயர் வைத்த பிறகு கூப்பிட்டு என்ன பயன்?

புரெவி வரவில்லை என்பதும் சரியில்லை. அது இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று அங்கேயே வலு குறைந்தது. நம் கரை தப்பியது, சிதம்பரம் பக்கம் ஊரெல்லாம் வெள்ளம். அப்புறம், புயலே ஆகாமலும் அழிவு வரும். 2023 டிசம்பர் 17, 18ல் குமரிக் கடல் மேலே இருந்தது வெறும் மேலடுக்குச் சுழற்சி (உயரத்தில் சுழலும் காற்று), அதற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலுக்குள் நூற்றுக்கணக்கான பேர் வெளியேற வழியில்லாமல் கிடந்தார்கள்.

பிழைப்பு போனது என்ற உங்கள் கோபம் நியாயம். அதை எச்சரிக்கை மேல் காட்டாதீர்கள், அரசிடம் காட்டுங்கள். மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருகிற அரசு, கடலுக்குப் போகாதே என்று தானே சொல்லும் நாட்களுக்கும் ஏன் தரக் கூடாது? இதைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள், நாங்களும் எழுதுகிறோம்.

கேரள எல்லை ஊர் என்பதால் உங்களுக்கு சென்னை வானிலை மையம் சொல்வதும் வருகிறது, திருவனந்தபுரம் மையம் சொல்வதும் வருகிறது. இரண்டில் எது கடுமையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் படகு ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, கரைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும், எதில் சாட்டிலைட் போன் இருக்கிறது என்று இன்று சாயங்காலத்துக்குள் ஒரு நோட்டில் எழுதுங்கள். தூரத்தில் நிற்கிறவர்களை முதலில் கூப்பிடுங்கள், தேங்காய்ப்பட்டினமோ கொச்சியோ, எது பக்கமோ அங்கே ஒதுங்கட்டும்.