கியர் பல்லில் இருக்கும் பிழையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் முதுநிலை ஆய்வுக்கு விமானக் கியர்களின் தயாரிப்புப் பிழைகளை எடுத்திருப்பது உங்களைக் கலங்க வைத்திருக்கிறது. 'மற்றவர்கள் விமானத்தையே வடிவமைக்கிறார்கள், இவள் பல்லை அளந்துகொண்டிருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பல்லை நம்பித்தான் விமானம் பறக்கிறது.

தரையிறங்கும் முன் இறக்கையின் பின்விளிம்பில் ஃபிளாப் என்ற அசையும் தகடு விரியும். பெரிய விமானங்களில் பெரும்பாலும் அதை நகர்த்துவது கியர்கள்தான். பல் வெட்டும்போது கியரின் மையம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விலகினாலும் சுற்றுக்கு ஒருமுறை வேகம் கூடிக் குறையும். பற்களின் இடைத்தூரம் சீராக இல்லாவிட்டால் ஏதோ ஒரு பல் தன் பங்குக்கு மேல் சுமக்கும். நாளடைவில் அதன் அடியில் விரிசல் விழலாம். இணையும் பற்களுக்கு நடுவே தளர்வு மிகுந்தால், திசை மாறும் கணத்தில் மோட்டார் சுழன்றும் ஃபிளாப் அசையாது. தளர்வே இல்லையென்றாலும் ஆபத்துதான்: வெப்பத்தில் உலோகம் விரிந்ததும் பற்கள் இறுகிவிடும்.

இந்தப் பிழைகளை அதிர்விலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இத்துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது. 40 பற்கள் கொண்ட கியர் நொடிக்கு 100 முறை சுழன்றால் நொடிக்கு 4000 முறை பல் இணையும்; அதனால் அதிர்வுப் பதிவில் 4000 ஹெர்ட்ஸில் ஒரு முகடு எழும். மையம் விலகிய கியராக இருந்தால், சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 100 முறை, வரும் வேக மாற்றத்தால் 3900-லும் 4100-லும் சிறு முகடுகள் துணைக்கு வந்து நிற்கும். கியர்பாக்ஸைப் பிரிக்காமலே இதைப் படிக்கத் தெரிந்தவர்களை இன்ஜின் நிறுவனங்களும், ஹெலிகாப்டர் பராமரிப்பு நிலையங்களும் தேடுகின்றன. காற்றாலை, மின்சாரக் கார் துறைகளிலும் இதே திறமைக்கு இடமுண்டு.

எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. ஆய்வு முழுவதும் கணினி மாதிரியாகவே முடிந்துவிடக் கூடாது. கிரைண்டிங் (கல்சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) செய்யும்போது பல்லின் மேற்பரப்பு சூட்டில் கருகினால் அளவு துல்லியமாகவே இருக்கும், அளவுக்கருவி எதையும் காட்டாது. அமிலத்தில் நனைத்தால்தான் கறை தெரியும். இதைக் கண்ணால் பார்த்தவரிடம் நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விகளே வேறு.

ஆகவே, கியர் அளவிடும் இயந்திரத்தில் வேலை செய்ய வழியுண்டா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் இந்தப் பருவத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். கல்லூரியில் இல்லையென்றால் விடுமுறையில் ஒரு கியர் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். கியர் துல்லியத்துக்கான ஐஎஸ்ஓ 1328 என்ற சர்வதேசத் தர நிர்ணயத்தை அதற்குள் படித்து முடித்திருந்தால் நல்லது.