கோத்தகிரியிலிருந்து ஒரு ஹாம்: போட்டிக்கு முன் கேள்வி பதில்

அக்டோபர் கடைசி சனி, ஞாயிறில் சிக்யூ உலக ஹாம் ரேடியோப் போட்டியின் குரல் பிரிவு வருகிறது. நம் நேரப்படி சனி காலை 5:30க்குத் தொடங்கி திங்கள் காலை 5:30 வரை, மொத்தம் 48 மணி நேரம். அதற்குள் எத்தனை நாட்டு ஹாம்களோடு (உரிமம் வாங்கி ரேடியோவில் பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களோடு) பேசினோம், பேசியதை எவ்வளவு சரியாக எழுதினோம் என்பதுதான் ஆட்டம். கோத்தகிரியில் 31 வருடமாக ஆடி வருகிறேன். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. மலையில் வடகிழக்குப் பருவமழையும் இந்தப் போட்டியும் சேர்ந்தேதான் வரும். இடிச் சத்தம் கேட்டால் ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

குன்னூர் மாணவர்: சார், போட்டிக்கு எந்த ரேடியோ வாங்கலாம்?

கைக்கு எட்டிய விலையில் ஒழுங்காக வேலை செய்யும் பழைய செட் எதுவானாலும் போதும். மீதிக் காசை ஆன்டெனாவிலும் நல்ல கேபிளிலும் போடுங்கள். வாங்கும் முன், விற்பவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். உரிமத்தில் எத்தனை வாட் என்று இருக்கிறதோ அதற்கு மேல் திருகாதீர்கள்.

ஊட்டி: மதிப்பெண் கணக்கு இன்னும் பிடிபடவில்லை ஐயா.

வேறு கண்டத்து நிலையத்தோடு பேசினால் 3 புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. இந்தியாவுக்குள் பேசினால் 0. ஆனால் ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைப் பகுதியிலும்) முதல் முறை பிடிக்கும் நாட்டுக்கு ஒன்று, மண்டலத்துக்கு ஒன்று என்று "பெருக்கி" என்ற எண் ஏறும். உலகம் மொத்தம் 40 மண்டலம், நாம் 22. புள்ளிகளின் கூட்டுத்தொகையைப் பெருக்கியால் பெருக்கினால் உங்கள் மதிப்பெண்.

ஒருவர் ஐரோப்பாவில் மட்டும் 300 பேரைப் பிடித்து 900 புள்ளி, பெருக்கி 60 வைத்திருக்கிறார்: 54,000. இன்னொருவருக்கு 250 தொடர்புதான், 750 புள்ளி, ஆனால் பேண்ட் பேண்டாகத் தேடிப் பெருக்கியை 90 ஆக்கிவிட்டார்: 67,500. அதனால் பக்கத்து இலங்கை, நேபாளம் எல்லாம் ஒரு புள்ளிதானே என்று தாண்டிப் போகாதீர்கள். புள்ளி வராத இந்திய நிலையத்தைக்கூட ஒவ்வொரு பேண்டிலும் ஒருமுறை பிடித்து வையுங்கள். நாட்டுக்கும் மண்டலத்துக்கும் சேர்த்து பெருக்கி இரண்டு ஏறும்.

கேத்தி: 40 மீட்டர் பேண்டில் நொடிக்கு ஒருமுறை "டிக், டிக்" என்று அடிக்கிறது. மழை பெய்த இரவில் இன்னும் அதிகம். ரேடியோவைக் கடையில் காட்டினேன், பழுது இல்லை என்கிறார்கள்.

ரேடியோவை விட்டுவிடுங்கள், பாவம். உங்கள் பக்கம் கேரட், பீட்ரூட் தோட்டம்தானே? காட்டுப்பன்றிக்கும் காட்டெருமைக்கும் சோலார் வேலி போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டி நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் பல ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கம்பியில் அனுப்பும். கம்பி சுத்தமாக இருந்தால் சத்தம் அவ்வளவாக வராது. புல்லோ பெரணியோ கம்பியைத் தொட்டாலும், துருப்பிடித்த முறுக்கு இணைப்பு இருந்தாலும் அந்த இடத்தில் குட்டித் தீப்பொறி பறக்கும். நீங்கள் கேட்பது அதைத்தான். ஈரமானால் கசிவு கூடும், அதனால்தான் மழை இரவில் அதிகம்.

ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, வேலியை ஒட்டி நடந்து பாருங்கள். டிக் சத்தம் திடீரென்று பெரிதாகும் இடத்தில் நில்லுங்கள். இருட்டினால் பொறி கண்ணுக்கே தெரியும், நீல நிறத்தில். ஆனால் இருட்டில் தனியாகப் போகாதீர்கள், காட்டெருமை நிற்கும். கம்பியில் கை வைக்கவும் கூடாது. மறுநாள் தோட்டக்காரரிடம் போய், "அண்ணா, இந்த மூலையில் உங்கள் கரண்ட் கசிகிறது, பன்றி வந்தால் ஷாக் அடிக்காது" என்று சொல்லுங்கள். ரேடியோவுக்காக என்று சொன்னால் வேலை நடக்காது. அவருடைய பயிருக்காக என்றால் அன்றைக்கே அரிவாளோடு வருவார். நான் இப்படி நாலு மூலை சரி செய்திருக்கிறேன்.

செட்டில் நாய்ஸ் பிளாங்கர் என்ற, இரைச்சலைக் குறைக்கும் பட்டன் இருக்கும். அதைப் போட்டாலும் டிக் குறையும். ஆனால் போட்டியில் பக்கத்தில் பலமான நிலையம் வந்தால் அதுவே ஓசையைக் கெடுத்துவிடும். சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் வழி.

கோவை: 30,000 ரூபாய்க்குள் நல்ல ரேடியோ?

குன்னூர் தம்பிக்குச் சொன்னதேதான்.

ஈரோடு: எல்லோரும் எல்லோருக்கும் "59" (தெளிவாக, பலமாகக் கேட்கிறது) என்றே கொடுக்கிறார்கள். சரியாகக் கேட்காதபோதும் அப்படிச் சொல்வது பொய் இல்லையா?

போட்டியில் 59 என்பது வணக்கம் மாதிரி, யாரும் அதை அளவாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு அடுத்து வரும் மண்டல எண்தான் செய்தி. அதில்தான் உண்மையாக இருக்க வேண்டும்.

ஸ்பெயின்காரர் தன் மண்டலத்தை "ஃபோர்ட்டீன்" என்பார். இரைச்சலில் அது "ஃபார்ட்டி" என்று காதில் விழும். 40 என்றால் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கம். லாக் (தொடர்புகளின் பதிவேடு) மென்பொருள் தானாக 14 என்று நிரப்பிவிடும், நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் கெட்டுப்போகிறது. அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேளுங்கள், சந்தேகம் என்றால் "ஜோன் அகெய்ன்" என்று கேட்டு வாங்குங்கள். புள்ளியும் கோடுமாக அடிக்கும் மோர்ஸிலும் இதே கதைதான்: எஸ் மூன்று புள்ளி, ஹெச் நான்கு, 5 என்ற எண் ஐந்து புள்ளி. கை வேகமாக ஓடும்போது காது ஒரு புள்ளியை விழுங்கிவிடும்.

நடுவர்கள் எல்லோருடைய லாக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். அழைப்புக் குறியை, அதாவது ஒரு நிலையத்தின் அடையாளப் பெயரை, தவறாக எழுதினால் அந்தத் தொடர்பும் போகும், அதற்கு மேல் அபராதமும் உண்டு. கேட்டதை மட்டும் எழுதுங்கள். 700 தொடர்பு எழுதி 60 தவறு விட்டவரைவிட, 500 எழுதி நான்கு தவறு விட்டவரைத்தான் நான் ஆபரேட்டர் என்பேன்.

கொடைக்கானல்: இடிதாங்கி, சர்ஜ் பாதுகாப்பு எல்லாம் போட்டிருக்கிறேன். அப்போதும் கழற்ற வேண்டுமா?

கழற்ற வேண்டும். ஊட்டியில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று மேலே கடந்து போன ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை, அந்தக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்கள் குறைந்ததை வைத்துக் கணக்கிட்டார்கள். 130 கோடி வோல்ட். நம் தலைக்கு மேலே போகும் மேகம் அது. 800 ரூபாய் சர்ஜ் பெட்டி அதைத் தடுக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

2011 நவம்பரில் நானே ஒருமுறை டீ குடிக்கப் போய்விட்டு, கேபிளை அப்புறம் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். இடி வீட்டின் மேல்கூட விழவில்லை, 200 மீட்டர் தள்ளி ஒரு சில்வர் ஓக் மரத்தில் விழுந்தது. ரேடியோ, கம்ப்யூட்டர், பக்கத்து அறை டிவி மூன்றும் போயின. என் மனைவி அப்போதுதான் அந்த அறையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். ஆன்டெனா கேபிள், கரண்ட் பிளக், இன்டர்நெட் வயர் மூன்றையும் கழற்றுங்கள்.

திருப்பூர்: மலையில் இருப்பவர்களுக்கு 6,000 அடி உயரம் சும்மாவே கிடைக்கிறது. மொட்டை மாடியில் டைபோல் என்ற எளிய கம்பி ஆன்டெனா கட்டியவன் என்ன செய்தாலும் உங்களை முந்த முடியாது. இது நியாயமான போட்டியா?

2 மீட்டர் பேண்டில் நீங்கள் சொல்வது முழு உண்மை. தொட்டபெட்டாவில் கையடக்க செட்டை வைத்துக்கொண்டு கோவையோடு பேசலாம். ஆனால் இந்தப் போட்டி நடக்கும் பேண்டுகளில் அலை வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி அடுக்கில் பட்டுத் திரும்புகிறது. அதற்கு 2 கிலோமீட்டர் கூடுதல் உயரம் ஒரு பொருட்டே இல்லை. அலை எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதுதான் முக்கியம். தாழ்வாகக் கிளம்பினால் நீளமாகத் தாவும், தாவல்களின் எண்ணிக்கை குறையும், இழப்பும் குறையும்.

20 மீட்டர் பேண்டில் 10 மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல், சமதரையில் சுமார் 30 டிகிரி கோணத்தில் அனுப்புகிறது. தரை 10 டிகிரி சரிந்தால், சரிவின் பக்கம் அது 20 ஆகும். மலை தரும் வரம் இந்தச் சரிவுதான். ஊட்டி பக்கம் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 1970இலிருந்து இயங்குகிறது. அதை அமைத்த வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அந்த இடத்தைத் தேர்ந்தது சரிவுக்காக. அது ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 டிகிரி சரிவு. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது.

குன்னூரிலிருந்து இன்னொருவர் குறுக்கிடுகிறார்: ஐயா, எனக்கு வடமேற்கே தொட்டபெட்டா நிற்கிறது. திருப்பூர்க்காரருக்கு என் வீட்டை மாற்றிக் கொடுக்கத் தயார்!

இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குன்னூரிலிருந்து தொட்டபெட்டா சுமார் 9 கிலோமீட்டர், ஏறக்குறைய 800 மீட்டர் மேலே. அதாவது 5 டிகிரிக்குக் கீழே வானமே தெரியாது. அதுவும் ஐரோப்பா இருக்கும் திசையில். இவருடைய சரிவு மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குகிறது, ஆஸ்திரேலியாவுக்கு அருமை, ஆனால் அங்கே ஆள் குறைவு. என் சரிவு வடகிழக்கே. ஜப்பான் கொட்டும். ஜப்பானுக்கு ஒரு தொடர்புக்கு 1 புள்ளிதான்.

திருப்பூர்: அப்படியானால் வடமேற்குச் சரிவு வைத்திருப்பவர் ஜெயிக்கிறார். என் கேள்வி அப்படியே நிற்கிறது.

நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இரைச்சலும் உங்கள் ஊரில் அதிகம். தறியும் மோட்டாரும் ஓடும் ஊர். இதற்குத்தான் டபிள்யூஆர்டிசி என்ற உலகக் குழுப் போட்டி இருக்கிறது. 1990இல் சியாட்டிலில் தொடங்கியது. இப்போதெல்லாம் அதில் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரிக் கம்பம், ஒரே ஆன்டெனா, ஒரே அளவு சக்தி, குழுவுக்கு இருவர், 24 மணி நேரம். அப்போதும் முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் பெரிய இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி முழுக்கக் காதும் கையும் முடிவெடுக்கும் வேகமும்தான். உங்கள் மாடி டைபோலில் நீங்கள் மாற்ற முடிந்த பகுதி அதுவே, அது சின்னப் பகுதியும் இல்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். 10 மீட்டர் பேண்டில் உங்களுக்கு 5 மீட்டர் கம்பமே அலைநீளத்தில் பாதி உயரம், 20 மீட்டர் பேண்டில் 10 மீட்டர் கம்பம் மாதிரி. மதியம் 12 மணியிலிருந்து மாலை வரை ஐரோப்பாவுக்கு வழி திறந்திருக்கும்போது அங்கேயே உட்காருங்கள். அந்த நேரத்தில் மலைக்காரனுக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கூடலூர்: அப்போ போட்டி நாளில் நல்ல சரிவாகப் பார்த்து டென்ட் அடிக்கலாமா அண்ணா?

பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு அடியுங்கள். காட்டு நிலத்தில் வேண்டவே வேண்டாம். யானை நடமாட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டென்டில் இடி வந்தால் கேபிளைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் போய் உட்காருங்கள்.

சேலம்: கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8 இதில் செல்லுமா?

செல்லாது. குரல் மட்டும்.

தேனி: உரிமம் எப்படி வாங்குவது?

தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் அவர்கள் தளத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து ஹாம் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், புத்தகத்தைவிட அவர் உதவுவார்.

மதுரை: எந்த ரேடியோ...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

வெலிங்டன், பள்ளி மாணவி: ஐயா, போட்டியில் பெண்கள் குரலே அதிகம் கேட்பதில்லை. இதெல்லாம் கற்றுக்கொண்டு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், அம்மா.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போனார். பல வருடங்களாக அங்கிருந்து ஹாம் ஒலிபரப்பே இல்லை, உலகமே அந்த இடத்துக்காகக் காத்திருந்தது. போர்ட் பிளேயரிலிருந்து அவர் அழைத்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மேலே விழுந்து கூப்பிட்டார்கள். அந்த இரைச்சலிலிருந்து ஒவ்வொரு அழைப்புக் குறியாகப் பிரித்து எடுத்து, எழுதி, அடுத்தவரை அழைக்க வேண்டும். போட்டியில் நாம் பழகுவதும் அதைத்தான்.

டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தொலைபேசி விழுந்தது. அதே ரேடியோ, அதே ஆன்டெனா, அதே காது. அவரும் குழுவினரும் தீவுகளில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்திகளை மெயின்லாண்டுக்குக் கடத்தத் தொடங்கினார்கள். அங்கே ஒரு பெயரைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். கேட்டதை மட்டும் எழுது என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது புள்ளிக்காக இல்லை.

வீட்டில் இதைச் சொல். சனிக்கிழமை காலை வீட்டாரோடு என் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். முதல் நாள் பேச வேண்டாம், ஒரு நோட்டில் காதில் விழும் அழைப்புக் குறிகளை மட்டும் எழுது. சாயங்காலம் என் லாக்கோடு ஒத்துப் பார்க்கலாம். ஜூனில் ஆல் ஏஷியன் மோர்ஸ் போட்டி வரும். அதில் மண்டலத்துக்குப் பதில் வயதைச் சொல்வார்கள். ஒருமுறை ஜப்பானிலிருந்து ஒருவர் 86 என்று அடித்தார், எழுத்துக்கு எழுத்து அவ்வளவு சீராக. உன் வயதை நீ அடிக்கும்போது அந்தப் பக்கம் ஒருவர் பேனாவை ஒரு நொடி நிறுத்துவார்.

கேத்தி மறுபடியும்: ஐயா, இன்று மாலை வேலியோரம் நடந்தேன். கீழ் மூலையில் இரண்டு இடத்தில் பெரணி தொடுகிறது. தோட்டக்காரர் நாளை வெட்டித் தருகிறேன் என்றார். இன்னும் ஒரு டிக் மேல் பக்கமிருந்து வருகிறது.

மேல் பக்கம் கேட்டருகே கம்பியை முறுக்கி இணைத்திருப்பார்கள், அங்கே பாருங்கள். வெட்டி முடித்த பிறகு இரவு 9 மணிக்கு 7,050 கிலோஹெர்ட்ஸில் என்னைக் கூப்பிடுங்கள், எப்படிக் கேட்கிறது என்று சொல்கிறேன். இப்போது கோடநாடு பக்கம் மின்னுகிறது. நான் கழற்றிவிட்டேன், நீங்களும் கழற்றுங்கள்.