காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகிவிட்டன. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, மூன்று நாள் வெறும் வயிற்றில் கொடுத்தால் போதும், மருத்துவமனை வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அம்மா, கீழாநெல்லியைப் பிறகு யோசிக்கலாம். காமாலை பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. அசுத்தமான குடிநீரால் தொற்றும் ஹெபடைடிஸ் ஏ என்னும் கல்லீரல் அழற்சி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடுவதால், அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே நற்பெயர் போய்ச் சேருகிறது. பித்தநாளத்தில் கல் அடைத்து வரும் காமாலைக்கோ மூலிகைச் சாற்றை நம்பிக் காத்திருக்க முடியாது. மலம் வெளுத்துப் போவதும் உடம்பெல்லாம் அரிப்பதும் அத்தகைய அடைப்பின் அடையாளமாக இருக்கலாம்.

கீழாநெல்லி ஆராய்ச்சிக்கு உரிய மூலிகைதான். சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் இணைந்து 1988-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், இதன் உலர்பொடியை 30 நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில், தொற்று இருப்பதைக் காட்டும் அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போயிருந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தவிர, வைரஸை நெடுநாள் சுமந்திருந்தவர்களிடம் செய்த ஆய்வு அது. புதிதாகக் காமாலை கண்ட உங்கள் மகனுக்கு அதில் விடை இல்லை.

காரணம் தெரிந்தபின், பட்டம் பெற்ற சித்த மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்தால், மகனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் தெரிவித்துவிட்டுக் கொடுக்கலாம். செடியைப் பறிப்பதிலும் கவனம் வேண்டும். இலைகள் வரிசையாக அமைந்த ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் தொங்கும். ஆனால் அதே தோற்றத்தில் வேறு செடிகளும் வரப்பில் வளர்கின்றன. சாக்கடையோரத்திலும் பூச்சிமருந்து தெளித்த வயலிலும் பறிக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் தாமாக இதை உட்கொள்ள வேண்டாம்.

வாந்தி நிற்காவிட்டாலோ, மகன் மயக்கமாகவே படுத்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, பல் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மூன்று நாள் கணக்குப் பார்க்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.