பழைய மடிக்கணினிகளைக் கொடுப்பதற்கு முன்: ஓர் அரிசி ஆலைக் கணக்காளரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே அரிசி ஆலையும், நகருக்குள் அதன் விற்பனை அலுவலகமும் நடத்தும் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறேன். 2017 முதல் 2020 வரை வாங்கிய 22 மடிக்கணினிகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கிவிட்டோம். பழையவற்றை எக்ஸ்சேஞ்சில் போட்டால் அற்பத் தொகைதான் கிடைக்கிறது. பாபநாசம், வலங்கைமான் பக்கம் வசதியில்லாத மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் முதலாளி. இலவசமாகக் கொடுத்தாலும் ஜிஎஸ்டி வரும் என்கிறார் ஆடிட்டர். கணினிகளுக்குள் வங்கி விவரம், வரி விவரம் எல்லாம் இருக்கின்றன. அழித்துவிட்டுக் கொடுத்தால் போதுமா? யாரிடம் கொடுப்பது முறை?

பதில்: தங்கள் முதலாளியின் எண்ணம் நல்லது, ஆடிட்டர் சொல்வதும் பெரும்பாலும் சரியே. ஆனால் இரண்டுக்கும் முன்பாக, 22 கணினிகளையும் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பன்னிரண்டோ பதினான்கோ தேறினால் அதுவே நல்ல எண்ணிக்கை. தஞ்சாவூரில் கணினிப் பழுதுபார்ப்புத் தொழிலில் இருக்கும் நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் கொடுத்த எட்டு மடிக்கணினிகளைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒரு பள்ளிக்கு அனுப்பிவைத்தேன். மூன்றுக்குச் சார்ஜர் இல்லை. இரண்டில், கணினி தொடங்கும்போதே கேட்கும் பயாஸ் கடவுச்சொல் நீக்கப்படவில்லை. ஒன்றின் மின்கலம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஓராண்டு கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, எட்டில் ஆறு தலைமை ஆசிரியர் அறையின் இரும்பு அலமாரியிலேயே இருந்தன. தவறு என்னுடையது. கொடுப்பவருக்கு அன்றோடு வேலை முடிந்துவிடுகிறது, வாங்குபவருக்கு அன்றுதான் செலவு தொடங்குகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே முதலில் தரம் பிரியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 முறைப்படி நிறுவப்பட வேண்டுமானால், இன்டெல் செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், குறைந்தது 4 ஜிபி ரேமும் வேண்டும். தாங்கள் 2017-இலும் 2018-இன் தொடக்கத்திலும் வாங்கியவை பெரும்பாலும் ஏழாம் தலைமுறைக்குள் நின்றுவிடும். அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும். மாணவர்களுக்கு லினக்ஸ் ஒத்துவராது என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பிரௌசரும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும் இருந்தால் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியதில் பெரும்பகுதி முடிந்துவிடும். டாலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு மட்டும் விண்டோஸ் உள்ள கணினியை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது உடல் பரிசோதனை. ஆலைக்குள் எடைமேடை அருகிலும் களத்தை ஒட்டிய அறையிலும் இருந்த கணினிகளைத் தனியே எடுத்து, அடிமூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அரிசி ஆலைக் கணினிகளை நான் பலமுறை திறந்திருக்கிறேன்: விசிறிக்கும் அதன் எதிரே உள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தவிடும் உமித்தூசியும் ஈரக்காற்றில் இறுகி, கம்பளித் துணியைக் கத்தரித்துச் செருகியது போல ஒரு சாம்பல் நிறப் பட்டை உட்கார்ந்திருக்கும். அதை இடுக்கியால் உருவி எடுத்து, செயலியின் மேல் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால், பழையது என்று ஒதுக்கிய கணினி மறுபடி வேகமெடுப்பதைப் பார்க்கலாம். சமதளமான மேசையில் வைத்தும் கணினி ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் இருந்தாலோ மின்கலம் உப்பிவிட்டது என்று பொருள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். உடனே அணைத்து, மின்கலத்தைத் தெரிந்தவரைக் கொண்டு கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களுக்குத்தான் இவை போகப்போகின்றன. ஆகவே ஒரு மணி நேரமாவது தாங்காத மின்கலத்தை மாற்றிவிட்டுக் கொடுப்பது நல்லது. சார்ஜர், அந்தந்தக் கணினிக்கு உரிய வாட் அளவிலேயே இருக்க வேண்டும்.

இனி தாங்கள் கவலைப்பட்ட தரவு. கோப்பை டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், வட்டின் அட்டவணையிலிருந்து அதன் பெயர் மட்டுமே நீங்குகிறது. பதிவேட்டில் சர்வே எண்ணை அடித்துவிட்டதால் வயல் காணாமல் போய்விடாது அல்லவா? அதுபோல, மேலே வேறு தரவு எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். இலவச மென்பொருளைக் கொண்டே மீட்டுவிடலாம். சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் முழு வட்டையும் ஒருமுறை மேலெழுதினாலே போதும். ஏழு முறை எழுத வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. சுழலும் பாகமில்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அந்த முறை நம்பத்தக்கதன்று. தேய்மானத்தைச் சமன்செய்வதற்காக அது தரவை இடம் மாற்றி மாற்றி எழுதுவதால் சில பகுதிகள் தப்பிவிடும். அதற்குத் தயாரிப்பாளரின் செக்யூர் எரேஸ் கட்டளை வேண்டும். வணிகத் தர மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸிலேயே அந்த வசதி உண்டு.

ஆனாலும் தங்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு. அந்த ஆண்டுகளில் வாங்கியவற்றில் பலவும் ஹார்டு டிஸ்க் கொண்டவையாகவே இருக்கும். அவற்றைக் கழற்றி அலுவலகப் பீரோவில் பூட்டிவிட்டு, அந்த இடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துங்கள். தரவு தங்கள் படியைத் தாண்டாது, கணினியும் வேகமாகிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அவசரத்தில் ஒரே பிரதியாக இருந்த டாலி தரவையும் சேர்த்து அழித்துவிட்டுத் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

வட்டைக் கழற்றினாலும் சில கட்டுகள் தனியே அவிழ்க்கப்பட வேண்டும். டாலி உரிமத்தை, வட்டைக் கழற்றும் முன்பே, அந்தக் கணினியிலிருந்தே சரண்டர் செய்யுங்கள். அலுவலக மைக்ரோசாஃப்ட் கணக்கின் நிர்வாகப் பட்டியலில் கணினி சேர்க்கப்பட்டிருந்தால், அதையும் நீக்குங்கள். இல்லையேல் புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும் அது தங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கேட்டுக்கொண்டு நிற்கும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் கணினியோடு போகலாம், நிறுவனத்துக்கென மொத்தமாக வாங்கிய ஆபீஸ் உரிமம் போகக் கூடாது. வாட்ஸ்அப் வெப், கூகுள் கணக்கு ஆகியவற்றிலிருந்து பழைய கருவிகளை வெளியேற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நெல் போட்ட விவசாயிகளின் வங்கிப் புத்தக நகல்களும், தொழிலாளர்களின் ஆதார், பிஎஃப் விவரங்களும் தங்களிடம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அவை தங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் உடைமை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வலியுறுத்துவதும் இந்தப் பொறுப்பையே.

வரி விஷயத்தில் ஆடிட்டர் சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கப்பட்ட தொழில் சொத்தை விலையின்றி நிரந்தரமாகக் கைமாற்றினாலும், ஜிஎஸ்டி சட்டத்தின் முதல் அட்டவணை அதை வரிக்குரிய வழங்கலாகவே (சப்ளை) கருதுகிறது. வரவு எடுக்கவில்லை என்றால் அந்த விதி பொருந்தாது. பதிவு செய்த பிராண்டு பெயரில்லாமல் விற்ற அரிசிக்கு 2022 ஜூலை வரை வரிவிலக்கு இருந்ததால், தங்கள் நிறுவனம் அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வரவே எடுக்காமல் இருந்திருக்கவும் கூடும். கொள்முதல் பில்களையும் அந்தந்த மாத ரிட்டனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்திருந்தால், வாங்கிய பில் தேதியிலிருந்து ஒவ்வொரு காலாண்டுக்கும், அதன் பகுதிக்கும் 5 சதவீதம் வீதம் கழித்து மீதமுள்ள வரவு ஒரு கணக்கு. கைமாற்றும் மதிப்பின் மேலான வரி மற்றொரு கணக்கு. இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். முதல் கணக்கு ஐந்தாண்டில் பூஜ்யமாகிவிடும். இரண்டாவது, பழைய கணினியின் சந்தை மதிப்புக்கு 18 சதவீதம் என்பதால் பெரிய தொகையாகாது. வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். 50,000 ரூபாய்க் கணினி ஐந்து முழு ஆண்டுகளில் 3,888 ரூபாயாகச் சுருங்கிவிடும். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். அது பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டுமே, பொருளுக்கு இல்லை.

யாரிடம் கொடுப்பது? பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முதலில் கேளுங்கள். தேவை என்று அவர்கள் சொன்ன எண்ணிக்கையை மட்டும் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம். ஆனால் என் விருப்பம், பாதிக்கு மேற்பட்டவை தனி மனிதர்களின் கைக்குப் போக வேண்டும் என்பது. 2011 முதல் அரசு மடிக்கணினி வழங்கிவந்த ஊரிலும், இடையில் நின்ற ஆண்டுகளில் படித்து அது கிடைக்காமல் போனவர்கள் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள், கணக்கை நோட்டிலேயே எழுதும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பார்வைத்திறன் குறைந்த மாணவர்கள் ஆகியோரைத் தேடிப் பாருங்கள். பார்வையற்ற ஒருவருக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலோடு நிறுவிக் கொடுத்தால், அந்தப் பழைய கணினி அவருக்கு வாசிப்பவராகவே ஆகிவிடும். பெயர்ப் பட்டியலை முதலாளிக்கு வேண்டியவர்கள் மட்டும் தயாரிக்கக் கூடாது என்பதையும் பணிவோடு சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் நிறுவனத் தலைப்புத்தாளில், மாடல், வரிசை எண், பெறுபவர் பெயர், தேதி ஆகியவற்றோடு ஒரு நன்கொடைக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு கிராமத்துப் பையன் கையில் விலையுயர்ந்த மாடலைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால், அவனுக்குத் துணை நிற்பது அந்தத் தாள்தான். கொடுக்கும் நாளில் மேடையும் சால்வையும் இல்லாவிட்டாலும் குறையில்லை. பெறுபவரை உட்காரவைத்து, அவரே கணினியைத் திறந்து புதுக் கடவுச்சொல் இட்டு, முன்பே அமைத்துவைத்த தமிழ்99 விசைப்பலகையில் தம் பெயரை அடித்துப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சார்ஜர் சூடாகிறதா, வைஃபை பிடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்குள் பழுதானால் யாரை அழைப்பது என்று ஒரு கைபேசி எண்ணையும் மூடியின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள்.

தேறாமல் நின்ற எட்டோ பத்தோ கணினிகளிலிருந்து நல்ல ரேம், சார்ஜர், விசைப்பலகை ஆகியவற்றை எடுத்து, கொடுக்கப்போகும் கணினிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட வேண்டாம். அங்கிருந்து அவை செம்புக்காகக் கொளுத்தும் இடத்துக்கும் அமிலத் தொட்டிக்கும் போய்ச்சேரக்கூடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின் கீழ்ப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படையுங்கள். அத்தகைய நிறுவனங்களின் விவரத்தைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். உப்பிய மின்கலங்களைக் கணினிகளோடு ஒரே சாக்கில் கட்டாமல், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் தனியாக அனுப்புங்கள்.