கோயபல்ஸா, கெபல்ஸா? ஜெர்மன் ஆசிரியரிடம் கேள்வி பதில்

கேள்வி: மேடைக்கு மேடை ‘கோயபல்ஸ் பிரச்சாரம்’ என்கிறார்கள். ஹிட்லரின் பிரச்சார அமைச்சரான அவர் பெயரை ஜெர்மன்காரர்கள் எப்படி உச்சரிப்பார்கள்?

பதில்: இரண்டே அசைதான். ஆங்கில எழுத்தில் ‘ஓ’வும் ‘ஈ’யும் அடுத்தடுத்து நிற்பதைப் பிரித்துப் படித்ததில் வந்தது நம் ‘கோய’. ஜெர்மனில் அவை சேர்ந்து ஒரே குறில். ‘கெ’ சொல்லும் இடத்தில் நாக்கை நிறுத்தி, உதட்டை மட்டும் ‘ஒ’வுக்குக் குவியுங்கள். முதல் எழுத்து கணேசனின் ‘க’. அடுத்தது பாலுவின் ‘ப’. ‘கெபல்ஸ்’ ஓரளவு நெருங்கும். எழுத்தில் கோயபல்ஸே இருக்கட்டும், பழகிய வடிவம்.

கேள்வி: கோரிங், ஹிட்லர்?

பதில்: ஹிட்லரின் விமானப் படைத் தலைவர் கோரிங்குக்கும் குவிந்த உதடுதான், ஆனால் நெடில். ஹிட்லரின் கடைசி ‘ர்’ தேய்ந்து அகரம்போல ஒலிக்கும்.

கேள்வி: ‘பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும்’ என்று கோயபல்ஸ் எந்த உரையில் சொன்னார்?

பதில்: அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. தயவுசெய்து அவர் பெயரில் பகிராதீர்கள். 1941 ஜனவரியில் சர்ச்சிலைத் தாக்கி எழுதிய கட்டுரையில், பெரிய பொய்யைச் சொல்லி அதிலேயே நிற்பது ஆங்கிலேயரின் வழக்கம் என்று எதிரியைத்தான் குற்றம்சாட்டினார். தான் பொய் சொல்வதாக எந்தப் பிரச்சார அமைச்சர் ஒப்புக்கொள்வார்?

கேள்வி: சொல்லாவிட்டால் என்ன ஐயா, செய்தது அதைத்தானே?

பதில்: இல்லை, இங்கேதான் நான் கடுமையாக மாறுபடுகிறேன். திரும்பச் சொல்வதை எல்லாக் கட்சியும் செய்யும். அவர் செய்தது மறுப்பவரே இல்லாமல் ஆக்கியது. 1933 மார்ச்சில் அமைச்சரானார். மே 10-இல் பெர்லினில் புத்தகங்கள் எரிய, அங்கே நின்று பேசினார். அக்டோபரில் வந்த சட்டம் யூதர்களைப் பத்திரிகைத் தொழிலிலிருந்து விரட்டியது. அதே ஆண்டு 76 மார்க்குக்கு (மார்க் அன்றைய ஜெர்மன் நாணயம்) மலிவு வானொலி வந்தது. அவர் குரல் வீட்டுக்குள் நுழைந்தது. பிடிக்காத பேச்சாளரையெல்லாம் கோயபல்ஸ் என்று திட்டினால் இந்த ஏற்பாடு முழுவதும் கண்ணில் படாமல் போகிறது.

கேள்வி: அப்படியானால் ‘கோயபல்ஸ்’ என்று எழுதுவது தப்பா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இந்தப் பெயர்களோடு பிறந்த உறவினர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: ஹிட்லரின் அண்ணன் மகன் வில்லியம் பேட்ரிக் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார், பிறகு பெயரை ஸ்டூவர்ட்-ஹூஸ்டன் என மாற்றிக்கொண்டார். யூதர்கள் தப்ப உதவிய ஆல்பர்ட், கோரிங்கின் தம்பி. போருக்குப் பின் அந்தப் பெயராலேயே வேலை கிடைக்காமல் அல்லாடினார்.

கேள்வி: மகளின் பேச்சுப்போட்டி உரையில் அந்தப் ‘பொய்’ மேற்கோள் இருக்கிறதே?

பதில்: எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 76 மார்க் வானொலியைப் பற்றிப் பேசட்டும்.