புளூபேர்ட் பெட்டியில் சிட்டுக்குருவி புகுந்தால் என்ன செய்வது?

கேள்வி: வட கரோலினாவில் இருக்கிறோம். பின்புறத் தோட்டத்து மரத்தில், பறவைத் தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுப்பெட்டி மாட்டினோம். புளூபேர்ட் என்ற நீலநிறச் சிறு பறவை ஜோடியாக வந்து நான்கு முட்டை இட்டது. ஒரு வாரத்தில் சிட்டுக்குருவிகள் முட்டைகளை உடைத்துவிட்டன. குருவியை விரட்டவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது. ஊரில் நாம் அட்டைப்பெட்டி கட்டி, அரிசி தூவிக் கூப்பிடும் அதே குருவிதான். ஆனால் அமெரிக்காவுக்கு அது வெளியிலிருந்து வந்த பறவை. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். புளூபேர்டால் மரத்தில் பொந்து குடைய முடியாது, கிடைத்த பொந்தில்தான் குடியிருக்கும். குருவிக்கும் அதே பொந்துதான் வேண்டும். சில சமயம் பெட்டியைத் திறந்தால் தாய்ப்பறவை தலையில் கொத்துக்காயத்தோடு செத்துக் கிடக்கும். அதன் மேலேயே குருவி புல்லைப் பரப்பிக் கூடு கட்டியிருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. பெட்டி வைத்தது நாம், அதனால் உள்ளே வரும் பறவைக்கு நாம்தான் பொறுப்பு.

முதலில் இடத்தை மாற்றுங்கள். வீட்டையும் தீவனத் தட்டையும் விட்டு விலகி, புல்வெளி திறந்து கிடக்கும் பக்கமாக வையுங்கள். உடைத்த மக்காச்சோளமும் சிறுதானியமும் குருவியைத்தான் இழுக்கும், அவற்றை நிறுத்திவிடுங்கள். புளூபேர்டுக்கு வேண்டியது புல்தரையில் கிடைக்கும் பூச்சி. அதனால் புல்லுக்குப் பூச்சிமருந்தும் வேண்டாம்.

மரம் வேண்டவே வேண்டாம். பாம்பும், ரக்கூன் என்ற மரமேறும் விலங்கும் சுலபமாக ஏறிவிடும். வழவழப்பான இரும்புக் குழாயை நட்டு, சுமார் 5 அடி உயரத்தில் பெட்டியைப் பொருத்துங்கள். அதற்குக் கீழே குழாயைச் சுற்றி 2 அடி நீளமுள்ள அகலமான தகர உருளையை, மேல்பக்கம் மூடியபடி, மாட்டுங்கள். வாசல் துளை 1½ அங்குலம் இருந்தால் ஸ்டார்லிங் என்ற சற்றுப் பெரிய பறவை நுழையாது, குருவி நுழையும். துளைக்குக் கீழே உட்காரும் குச்சி இருந்தால் பிடுங்கிவிடுங்கள், புளூபேர்டுக்கு அது தேவையில்லை.

அப்புறம், வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். காய்ந்த புல்லோ பைன் ஊசியிலையோ கொண்டு கிண்ணம் போல நேர்த்தியாகக் கட்டி, புள்ளியில்லாத வெளிர்நீல முட்டைகள் இருந்தால் புளூபேர்ட். புல், இறகு, காகிதத் துண்டு என்று கண்டதையும் திணித்து, பழுப்புப் புள்ளி போட்ட முட்டைகள் இருந்தால் பெரும்பாலும் சிட்டுக்குருவி. அமெரிக்காவின் சொந்தப் பறவைகளுக்கு 1918ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, சிட்டுக்குருவிக்கு இல்லை. அதனால் அதன் கூட்டை நீங்கள் அகற்றலாம். ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் எதையும் கலைக்காதீர்கள். குச்சிகளை அடைத்துக் கட்டும் ரென் பறவையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளதுதான்.

புளூபேர்ட் முதல் முட்டை இட்டதும் பெட்டிக்கு மேலே ஜிகினாத் தாள் பட்டைகளை, கூரையைத் தொட்டு ஆடும்படி தொங்கவிடுங்கள். குருவி மிரளும், புளூபேர்ட் பழகிக்கொள்ளும். முட்டைக்கு முன்பே கட்டினால் புளூபேர்டும் போய்விடக்கூடும்.

குஞ்சு பொரித்து 12 நாள் ஆனபின் பெட்டியைத் திறக்காதீர்கள், பயந்து முன்கூட்டியே வெளியே குதித்துவிடும். அவை பறந்து போனதும் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து வையுங்கள். அதே ஜோடி அந்தப் பருவத்திலேயே மறுபடி முட்டையிட வரலாம்.